சத்தமில்லாத ஹாஸ்டல்

பெண் கொடுக்கும் முன்னால் மாப்பிள்ளை வீட்டைப் போய்ப் பார்த்துவிட்டு வருவது எங்கள் கடத்தூர்ப் பக்கத்து வழக்கம். எங்கள் உறவில் அந்த வேலைக்கு அத்தையை விட்டால் ஆள் கிடையாது. அப்பாவுக்கு அக்கா. மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் பாய் விரித்து உட்காரச் சொல்வார்கள். அத்தை உட்காரமாட்டார். "காலு மரத்துப் போச்சுங்க, கொஞ்சம் நடந்துட்டு வரன்" என்று சொல்லிவிட்டு நேரே பின்பக்கம் போய்விடுவார். கிணற்றுத் தண்ணீரைக் குடித்துப் பார்ப்பார். மாட்டின் விலாவைத் தடவுவார். அடுப்படியில் எத்தனை சட்டி கரி பிடித்திருக்கிறது என்று எட்டிப் பார்ப்பார். பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் வெற்றிலை கேட்பது போல நாலு வார்த்தை பேசிவிட்டு வருவார். "முன்னால இருக்கறதெல்லாம் நமக்குக் காட்டறதுக்குன்னு வெச்சது. காட்டாததைப் பாக்கத்தான் நான் பஸ்ஸுக்குக் காசு குடுத்து வந்தன்" என்பது அவர் பேச்சு.

எழுபதாம் ஆண்டு வாக்கில் என் அண்ணன் எஸ்.எஸ்.எல்.சி.யில் நல்ல மார்க் வாங்கினபோது, எந்தக் காலேஜில் சேர்ப்பது என்று பார்க்க அப்பா கூப்பிட்டதும் இந்த அத்தையைத்தான். சிரிக்காதீர்கள். எங்கள் வீட்டில் அதற்கு முன் யாரும் காலேஜ் வாசலை மிதித்ததில்லை. ஒரு பிள்ளையை முன்பின் தெரியாத இடத்தில் கொண்டுபோய் விடுவது என்றால் எங்களுக்குத் தெரிந்த முறை அது ஒன்றுதான்.

முதலில் சேலம் போனோம். அப்பா, அத்தை, அண்ணன், நான். பெண்பிள்ளை என்று எனக்குப் பள்ளிக்கூடம் எட்டாவதோடு நின்றிருந்தது. பேச்சுக்கு ஆள் இல்லாமல் அத்தை பஸ் ஏறமாட்டார் என்பதால் என்னையும் கூட்டிக்கொண்டார்கள்.

சேலத்து ஹாஸ்டல் ஒரே கூச்சல். மாடி வராந்தாவில் பையன்கள் துண்டு கட்டிக்கொண்டு தொங்கிக்கொண்டிருந்தார்கள். ஒருவன் வாளியைக் காணோம் என்று கத்திக்கொண்டிருந்தான். இன்னொருவன் அதே வாளியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஓடினான். மேலேயிருந்து ஒரு குரல் வந்தது:

"பாட்டி, அட்மிஷன் உங்களுக்குங்களா?"

அத்தை விடுகிற ஆளா? "ஆமாண்டா கண்ணு. உம் பக்கத்துலயே ஒரு எடம் போட்டு வையி. ராத்திரியில கொறட்டை உடுவன், பரவாயில்லையா?"

மாடி முழுக்கச் சிரித்தது. அண்ணனும் சிரித்தான். அவன் அப்படிச் சிரித்ததை நான் அங்கேதான் கடைசியாகப் பார்த்தேன். ஆனால் பஸ் ஸ்டாண்டுக்கு வந்து சேர்வதற்குள் அத்தை சேலத்தைக் கணக்கிலிருந்து அடித்துவிட்டார்.

"வயசுக்கு மரியாதை இல்ல. இந்தக் கூச்சல்ல எவன் படிப்பான்? போராட்டம்னா கல்லெடுத்துட்டு மொதல்ல ஓடறது இவனுங்கதான்."

"எல்லாரும் கல்லெறியறதில்லீங்க அத்தை" என்றான் அண்ணன்.

"எறியாதவன் பக்கத்துல நின்னு வேடிக்கை பாப்பான். போலீசுக்காரன் தடி அவன் தலையிலதான் உழுவும்."

அப்பா தன் பங்குக்கு, "தெருவுக்குத் தெரு சினிமாக் கொட்டாய் வேற" என்றார். அதோடு சேலம் முடிந்தது.

அடுத்தது பெங்களூர். எங்கள் மாதா கோயில் சாமியார் யாரிடமோ விசாரித்து ஒரு காலேஜ் சொல்லியிருந்தார். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மத்தியானம் சாய்ந்திருந்தது. ஹாஸ்டலுக்குள் நுழைந்ததும் அப்பா செருப்பைக் கழற்றிவிட்டார். அப்படி ஓர் அமைதி. நீண்ட வராந்தா, இரண்டு பக்கமும் சாத்தின கதவுகள், ஒரு குரல் இல்லை, ஒரு சிரிப்பு இல்லை. கதவிடுக்குகளிலிருந்து ஊதுபத்தி வாசம் வந்துகொண்டிருந்தது. ஓர் அறையில் மட்டும் என்றில்லை, அறை அறையாக. ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் எங்கள் கோயிலில் தூபம் போட்டு முடிந்த பிறகு நிற்குமே, அந்த மாதிரி ஒரு கனம் அந்த வராந்தாவில் நின்றது. அப்பா சத்தம் வராமல் சிலுவை போட்டுக்கொண்டார்.

"புள்ளைங்க ஜெபம் பண்ணுதுங்க போலருக்குது" என்றார் கிசுகிசுப்பாக.

அத்தை தன் வேலையைக் குறைவில்லாமல் செய்தார். குழாய்த் தண்ணீரைக் குடித்துப் பார்த்தார், இனிப்பாக இருந்தது. சமையல்கட்டைப் பார்த்தார், சுத்தமாக இருந்தது. வெளியே டீக்கடைக்காரரிடம் பேச்சுக் கொடுத்தார். அத்தையைக் கட்டிக்கொடுத்தது எல்லைப் பக்கம் என்பதால் கன்னடம் கொஞ்சம் வரும். அந்த மனிதர், "தும்ப சாது உடுகரு" என்றார். ரொம்ப சாதுவான பையன்கள், யார் வம்புக்கும் போவதில்லை என்று அத்தை எங்களுக்குச் சொன்னார். டீக்கடைக்காரர் பொய் சொல்லவில்லை. அவர் பார்த்ததைச் சொன்னார், நாங்களும் எங்களுக்குத் தெரிந்ததைப் பார்த்துக்கொண்டோம்.

ஒரே ஒரு கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே கட்டிலில் ஒரு பையன் மல்லாந்து படுத்திருந்தான். எங்களைப் பார்த்தான். பார்த்துச் சிரித்தான். எழுந்திருக்கவில்லை. அந்தச் சிரிப்பு எங்களுக்காகச் சிரித்த மாதிரியும் இல்லை. எங்களுக்குப் பின்னால் வேறு யாரோ நிற்பது போல அவன் பார்வை கொஞ்சம் தள்ளியே இருந்தது. நான் திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை.

"படிச்சுப் படிச்சு அசந்து கெடக்குது பாவம்" என்றார் அத்தை.

எங்களுக்குக் கஞ்சா தெரியாமல் இல்லை. தீர்த்தமலைச் சிவன் கோயிலுக்கு வரும் சடைச்சாமியார்கள் மரத்தடியில் உட்கார்ந்து குடிப்பதைப் பார்த்திருக்கிறோம். அது சடை வளர்த்து, வீட்டை விட்டு, திருவோடு ஏந்தினவர்கள் சமாசாரம். பேண்ட் போட்டு, சட்டையை உள்ளே விட்டு, பேனா குத்திக்கொண்ட பிள்ளைகள் கதவைச் சாத்திக்கொண்டு அதைக் குடிப்பார்கள் என்றோ, வாசம் வெளியே தெரியாமல் இருக்கத்தான் அறைக்கு அறை ஊதுபத்தி கொளுத்துகிறார்கள் என்றோ எங்களில் யாருக்குத் தோன்றும்? அண்ணனை அங்கே விட்டுவிட்டு வந்தோம். பஸ்ஸில் அப்பா ஜெபமாலை சொல்லிக்கொண்டே வந்தார். சந்தோஷத்தில் சொன்னது.

முதல் லீவுக்கு வந்தபோது அண்ணன் இளைத்திருந்தான். அடுத்த லீவில் கண் சிவந்திருந்தது. அம்மா படிப்பு அதிகம் என்று நினைத்து முட்டையாக அவித்துக் கொடுத்தார். அதற்கடுத்த லீவுக்கு அவன் வரவில்லை. பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போயிருந்த எங்கள் ஊர்க்காரர் ஒருவர் வந்து அப்பாவிடம் சொன்னார்:

"மாமா, தப்பா எடுத்துக்காதீங்க. உங்க பையனை ரோட்டோரம் பாத்தங்க. பட்டப்பகல்ல ஒக்காந்திருந்தான். நான் பேரு சொல்லிக் கூப்புட்டன். 'நீங்க யாருங்க?'ன்னு கேக்கறான். சின்னதுல தோள்மேல தூக்கிட்டு அலைஞ்சவன் மாமா நான்."

அப்பா போய்க் கூட்டிவந்தார். கஞ்சாவோடு ஏதோ மாத்திரையும் சேர்ந்திருந்தது என்று அங்கே சொன்னார்களாம். அந்த மாத்திரையின் பெயரை அப்பாவுக்குச் சொல்ல வரவில்லை. பெயர் தெரியாமலே அதை எங்கள் வீடு சுமந்தது.

வந்தவன் என் அண்ணன்தான். அதே மச்சம், அதே நடை. யாரையும் அடிக்கவில்லை, திட்டவில்லை, எதையும் உடைக்கவில்லை. சாதுவாக இருந்தான். ஆனால் மத்தியானங்களில் அவனை யாரோ கூப்பிட்டார்கள். வெயில் உச்சியில் நின்று கோழிகூட அசையாத நேரம் இருக்குமே, அந்நேரம் தலையைத் தூக்குவான். "இதோ வரன்" என்று சொல்லிவிட்டு எழுந்து வாசல் வரைக்கும் போவான். வாசலில் நின்று இரண்டு பக்கமும் பார்ப்பான். யாரும் இல்லை என்று தெரிந்ததும் முகம் ஒரு மாதிரி வாடும். அந்த வாட்டத்தைத்தான் எங்களால் தாங்க முடியவில்லை. கூப்பிட்டவர்கள் அவனுக்கு வேண்டியவர்களாக இருந்திருக்கிறார்கள்.

அம்மா, "யாரு கண்ணு கூப்புட்டது?" என்று ஒருமுறை கேட்டார்.

"அங்கதாம்மா, எல்லாரும் ஒக்காந்திருக்காங்க" என்றான்.

அன்றிலிருந்து அம்மா அந்த வாசலில் கோலம் போடக்கூடத் தனியாக நிற்கமாட்டார். எனக்கும் அப்படித்தான். உச்சி வெயிலில் வாசலைக் கடக்கும்போது யாரோ கூடி உட்கார்ந்து பேசுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்ப்பது போல முதுகு கூசும்.

சாமியார் வந்து மந்திரித்த தண்ணீர் தெளித்தார். அம்மா யாருக்கும் தெரியாமல் தீர்த்தமலைக்குப் போய்த் தீர்த்தம் கொண்டுவந்து ரசத்தில் கலந்து கொடுத்தார். "சாமியாருக்குத் தெரிஞ்சா என்னம்மா ஆவறது?" என்று நான் பயந்தேன். "பாவசங்கீர்த்தனத்துல அவருகிட்ட நானே சொல்லி மன்னிப்புக் கேட்டுக்கறன் போ. மொதல்ல எம்புள்ள எந்திரிக்கட்டும்" என்றார். சேலத்து டாக்டர் கொடுத்த மருந்தும் நடந்தது. கஞ்சா நின்றது. கூப்பிடுவது நிற்கவில்லை.

இப்படி ஆண்டுகள் போய், அதுவரை சின்னப் பையனாக இருந்த எங்கள் தம்பி வளர்ந்து எஸ்.எஸ்.எல்.சி. தேறி வந்து நின்றான். அண்ணனைவிட நல்ல மார்க். அப்பா அந்த மார்க்கைக் கேட்டுச் சந்தோஷப்படவில்லை. சாவுச் செய்தி கேட்டவர் மாதிரி உட்கார்ந்துவிட்டார்.

"இன்னொரு புள்ளைய நான் அனுப்ப மாட்டன். இருக்கற காட்டைப் பாத்துட்டு இருக்கட்டும்."

பக்கத்து ஊரில் வாக்கப்பட்டிருந்த நான் அன்று வந்திருந்தேன். தம்பி சாப்பிடாமல் இரண்டு வேளை கிடந்தான். பிறகு நடுவீட்டில் நின்றுகொண்டு கேட்டான்:

"அண்ணன் கெட்டுப் போச்சுன்னா நான் ஏம்ப்பா ஆடு மேய்க்கோணும்?"

உள்ளே கட்டில் கிறீச்சிட்டது. அண்ணன் கேட்டுவிட்டான் என்று எங்கள் எல்லாருக்கும் தெரிந்தது. தம்பியின் முகம் வெளுத்துவிட்டது. அம்மா வாயைப் பொத்திக்கொண்டார். அண்ணன் வெளியே வந்தான். வாசலைப் பார்க்கவில்லை. தம்பியைப் பார்த்தான்.

"நான் போயிப் பாத்துட்டு வரன்" என்றான்.

அவன் வாயிலிருந்து எங்களுக்கென்று ஒரு முழுப் பேச்சு வந்து வெகுநாளாகியிருந்தது. அப்பாவால் மறுக்க முடியவில்லை. அத்தைக்குச் சொல்லி அனுப்பினோம். "இந்தத் தடவை என்னைக் கூப்புடாதீங்க. என் கண்ணு மேல எனக்கே நம்பிக்கை இல்ல" என்று சொல்லிவிட்டார். அத்தைக்குப் பதிலாக, அப்பா, அண்ணன், தம்பியோடு நான் போனேன். வழியில் யாராவது கூப்பிட்டால் அண்ணன் பஸ்ஸை விட்டு இறங்கிவிடுவான். கையைப் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும்.

தம்பி விண்ணப்பம் போட்டிருந்தது சேலத்தில், நாங்கள் முன்பு அடித்துவிட்ட அதே காலேஜ். ஹாஸ்டலும் அதுவே. பையன்கள் வேறு, கூச்சல் அதே கூச்சல். யாரோ டிரான்சிஸ்டரை உச்சத்தில் வைத்திருந்தான், யாரோ அதை நிறுத்தச் சொல்லி அதைவிட உரக்கக் கத்திக்கொண்டிருந்தான். அண்ணன் என் கையை விட்டுவிட்டு வராந்தாவில் நடந்தான். திறந்திருந்த அறைகளைத் திரும்பியும் பார்க்கவில்லை. கோடியில் ஒரு கதவு சாத்தியிருந்தது. அதன் முன்னால் போய் நின்றான். நாங்கள் பின்னால் போனோம். கதவிடுக்கில் ஊதுபத்தி வாசம் வந்தது.

அப்பா என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

உள்ளேயிருந்து மெதுவான ஒரு குரல், "யாருடா? உள்ள வா" என்றது.

அண்ணன் தலையைத் தூக்கினான். வீட்டில் மத்தியானத்தில் தூக்குவானே, அதே மாதிரி. இத்தனை வருஷம் எங்களுக்குக் கேட்காத குரல் இப்போது எங்கள் எல்லார் காதிலும் விழுந்துவிட்டது என்றுதான் எனக்குத் தோன்றியது. அவன் கை கதவில் வைத்தபடி இருந்தது. தள்ளவில்லை. தம்பி "அண்ணா" என்றான். அண்ணன் கையை எடுத்துக்கொண்டான்.

"கெளம்புங்க" என்றார் அப்பா. "போதும். பாத்தாச்சு."

"இருங்கப்பா" என்றான் அண்ணன். "இவன் இங்க சாப்புடட்டும்."

அப்பாவுக்குப் புரியவில்லை, எனக்கும்தான். வார்டன் நல்ல மனிதர், தம்பியை மெஸ்ஸில் சாப்பிடச் சொன்னார். பெஞ்சுகள் நிறைந்திருந்தன. தம்பி தட்டை வாங்கிக்கொண்டு முழித்தபடி நின்றான். நாங்கள் ஜன்னல் பக்கம் நின்றோம். அண்ணன் கம்பியைப் பிடித்துக்கொண்டு கண் இமைக்காமல் பார்த்தான்.

"டேய், நவுருங்கடா. புது ஆளு நிக்கறான்" என்றான் ஒருவன். பெஞ்சு முழுக்க இடித்துக்கொண்டு நகர்ந்தது.

"எந்த ஊருடா?"

"கடத்தூர்ப் பக்கம்."

"அங்கல்லாம் பஸ்ஸு வருமா?"

"வரும். நீங்க கல்லெறியறீங்கன்னு கேள்விப்பட்டா பாதி வழியில திரும்பிரும்."

சிரிப்பு கூரையைத் தூக்கியது. ஒருவன் தன் அப்பளத்தை உடைத்துத் தம்பி தட்டில் போட்டான். அண்ணன் ஜன்னல் கம்பியை விட்டான்.

பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருந்தபோது அப்பா மறுபடி ஆரம்பித்தார். "அந்த ரூமு அங்கயும் இருக்குதேப்பா. எப்படி அனுப்பறது?"

"எங்க போனாலும் ஒண்ணு இருக்கும்ப்பா" என்றான் அண்ணன். பேச்சு நிறுத்தி நிறுத்தி வந்தது. "என்னை யாரும் இழுத்துட்டுப் போவல. மெஸ்ஸுல தட்டை எடுத்துட்டு நிப்பன். பெஞ்சுல எடம் இருக்கும், யாரும் நவுர மாட்டாங்க. எனக்கு இங்கிலீசும் வராது, கன்னடமும் வராது. வாயத் தொறந்தா சிரிப்பாங்க. நின்னுட்டே சாப்புட்டன். அப்பறம் சாப்புடவே போவல. அந்த ரூமுலதான் நவுந்து ஒக்காந்து, வா, ஒக்காருன்னாங்க."

அப்பா அவன் பக்கம் திரும்பினார். "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேடா."

"நீங்க ஜெபமாலை சொல்லிட்டே ஊருக்குப் போனீங்கன்னு அக்கம்பக்கமெல்லாம் பேசுனாங்கப்பா. அம்மா சொல்லுச்சு. எப்படிச் சொல்றது?" பிறகு தம்பியைக் காட்டி, "இவனுக்கு இங்க நவுர்றாங்க. அனுப்புங்க" என்றான்.

ஊருக்கு வந்து அத்தையிடம் இதைச் சொன்னேன். வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது.

"பொண்ணா இருந்தா கேட்டிருப்பனேடி. பேச்சுத்தொணைக்கு வயசொத்த நாத்தனா இருக்குதான்னு கேக்காம எந்த வூட்டுல நான் தண்ணி வாங்கிக் குடிச்சன்? ஆம்பளப் புள்ள, அதுக்கென்ன தொணைன்னு உட்டுட்டனே." அதற்குப் பிறகு எந்தச் சம்பந்தத்துக்கும் அவர் வீடு பார்க்கப் போகவில்லை. தேடி வந்தவர்களிடம் முழங்கால் வலி என்று சொன்னார்.

தம்பி சேர்ந்தான். கிறிஸ்துமஸ் லீவுக்கு வரும்போது கூடப் படிக்கும் பையன்கள் இரண்டு பேரை இழுத்து வந்தான். எங்கள் வீடு அவ்வளவு சத்தம் கேட்டு எவ்வளவு நாளாயிற்று! அம்மாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மத்தியானம் வரிசையாக உட்கார்ந்து கறிச்சோறு சாப்பிட்டார்கள். ஒருவன் அம்மாவிடம், "எங்க மெஸ்ஸு கொழம்புல மீனு இருந்துச்சா, மீனு குளிச்சிட்டுப் போச்சான்னு தெரியாதுங்கம்மா" என்று சொல்லிக்கொண்டிருந்தான். சிரிப்புச் சத்தம் கேட்டு அண்ணன் அறை வாசலுக்கு வந்து நின்றான்.

அந்தப் பையன்களுக்கு ஒன்றும் தெரியாது. நல்ல வளர்ப்பு. ஒருவன் தட்டோடு நகர்ந்து, பக்கத்தில் தரையைக் கையால் தட்டினான்.

"வாங்கண்ணா, ஒக்காருங்க."

பெங்களூரில் அந்த ரூமில் அவனைக் கூப்பிட்டதும் இதே வார்த்தைதான். அண்ணன் அந்த இடத்தைப் பார்த்தான். வெறும் தரை, கொஞ்சம் ஈரம். நான் குழம்புச் சட்டியோடு நின்றவள் அவன் முகத்தைப் பார்த்துவிட்டேன். ஆசையும் பயமும் ஒரே முகத்தில் அப்படி வந்து நின்று வேறெங்கும் நான் கண்டதில்லை. ஒரு காலை முன்னால் வைத்தான். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டே பின்வாங்கி, வெளியே இறங்கி, வெயிலில் நடந்து, கிணற்று மேட்டில் போய் உட்கார்ந்துவிட்டான்.

"நாங்க ஏதாச்சும் தப்பாச் சொல்லிட்டமா?" என்று அந்தப் பையன் பதறினான்.

"இல்லடா. நீங்க சாப்புடுங்க" என்று சொல்லிவிட்டுத் தம்பி தன் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தான். கிணற்று மேட்டுக்குப் போனான். பக்கத்தில் உட்காரவில்லை, வா என்று கூப்பிடவும் இல்லை. கொஞ்சம் தள்ளி, வேறு பக்கம் பார்த்து உட்கார்ந்து சாப்பிடத் தொடங்கினான். அவர்களுக்கு நடுவே ஓர் ஆள் உட்காரும் அளவு மேடு காலியாகக் கிடந்தது. அண்ணன் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. தம்பி சாப்பிட்டு முடித்துத் தட்டிலேயே கை கழுவும் வரைக்கும் நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணன் எழுந்து போகவும் இல்லை.